பக்கம் 212-ஐத் திறக்க விடாத ஒரு வரி

மின்னூலகங்களை மதிப்பிடும்போது எத்தனை நூல் ஏற்றியிருக்கிறார்கள், ஸ்கேன் தெளிவா இருக்கா, தேடல் வேலை செய்யுதா என்றுதான் பார்க்கிறோம். சர்வர் ஒவ்வொரு கோப்போடும் சேர்த்து அனுப்பும் இரண்டு தலைப்பு வரிகளை யாரும் பார்ப்பதில்லை. அந்த இரண்டு வரிகளும் மற்ற மூன்றுக்கும் சமமான முக்கியத்துவம் உள்ளவை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு பொதுவான நம்பிக்கையை ஓரமா வைத்துவிடுவோம். கோப்பின் பெயர் 'டாட் பிடிஎஃப்' என்று முடிந்தால் பிரவுசர் அதைத் திறந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பிரவுசர் முதன்மையா பார்ப்பது பெயரை அல்ல, 'கன்டென்ட்-டைப்' என்ற வரியை. இந்த வரி வலைக்காகப் பிறந்ததே இல்லை. 1992-ல் போரன்ஸ்டைனும் ஃப்ரீடும் எழுதிய மைம் தரத்தில், மின்னஞ்சலில் படமும் ஒலியும் அனுப்புவதற்காக வந்தது. வலை அதை அப்படியே எடுத்துக்கொண்டது. 'கன்டென்ட்-டிஸ்போசிஷன்' என்ற இரண்டாவது வரியும் அஞ்சல் வீட்டுப் பிள்ளைதான். கடிதத்துக்குள்ளேயே காட்டு என்றால் 'இன்லைன்', தனி இணைப்பா வை என்றால் 'அட்டாச்மென்ட்'.

ஆக, ஒரே பிடிஎஃப் கோப்பு மூன்று விதமா நடந்துகொள்ளும்:

அப்ளிகேஷன்/பிடிஎஃப் என்று வந்தால் பிரவுசருக்குள்ளேயே திறக்கும். குரோமில் 2010 முதலும் பயர்பாக்ஸில் 2013 முதலும் இதற்கான வாசிப்பான் உள்ளேயே இருக்கிறது.

அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம் என்று வந்தால் 'இது ஏதோ பைட்டுகள், என்னவென்று எனக்குத் தெரியாது' என்று சர்வர் கைவிரிக்கிறது. பிரவுசர் டவுன்லோடு செய்து வைத்துவிடும்.

வகை சரியா இருந்தும் 'அட்டாச்மென்ட்' சேர்ந்து வந்தாலும் டவுன்லோடுதான். பயர்பாக்ஸ் கொஞ்சம் கருணை காட்டும். இறக்கிய நகலைத் தானே திறந்து காட்டும். ஆனால் அப்போது முகவரிப் பட்டையில் இருப்பது உங்கள் கணினியின் முகவரி. அதை யாருக்கும் அனுப்ப முடியாது.

குரோமிலும் பயர்பாக்ஸிலும் பிடிஎஃப்பைத் திறக்கவா இறக்கவா என்று நாமே தேர்ந்தெடுக்க அமைப்பு இருக்கிறது. அது 'திற' என்று இருந்தாலும், சர்வர் 'அட்டாச்மென்ட்' என்று சொல்லிவிட்டால் குரோம் இறக்கத்தான் செய்யும். வாசகரின் விருப்பத்தைவிட சர்வரின் வரிக்கு மரியாதை அதிகம்.

சரி, இதில் என்ன குடி முழுகிப்போச்சு? டவுன்லோடு செய்து படிக்கலாமே?

முழு நூலையும் படிப்பவருக்கு ஒன்றும் குறைவில்லை. சரிபார்ப்பவருக்குத்தான் நஷ்டம். பிடிஎஃப் முகவரியின் கடைசியில் ஹேஷ் குறி போட்டு 'பேஜ்=212' என்று சேர்த்தால் பிரவுசர் நேரே அந்தப் பக்கத்தில் திறக்கும். ஏதோ ரகசிய வித்தை இல்லை. 2004-ல் பிடிஎஃப்பின் மைம் வகையை விவரித்த ஆவணத்திலேயே எழுதப்பட்டது. ஒன்றை மட்டும் கவனிக்கணும்: இந்த 212 கோப்பின் ஏட்டு எண், அச்சில் உள்ள பக்க எண்ணோடு முன்னுரை, அட்டை அளவுக்கு வித்தியாசப்படும்.

இப்போது ஒரு கல்வெட்டுச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1890 முதல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் எங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறது என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். இன்னொருவர் அப்படி இல்லவே இல்லை என்கிறார். பக்கத்தின் இணைப்பைக் கொடுத்தால் குழுவில் இருக்கும் பத்துப் பேரும் தட்டிப் பார்ப்பார்கள். '90 எம்பி கோப்பை இறக்கி, 212-ஆம் பக்கம் போங்க' என்றால் எத்தனை பேர் போவார்கள்? பெரும்பாலும் ஒருவரும் இல்லை. மூலம் பொதுவெளியில் இருந்தும், ஜெயிப்பது யாரோ வெட்டி ஒட்டிய ஸ்கிரீன்ஷாட். பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்து படிக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. எங்களுக்குப் பட்டமோ பதவியோ துணை நிற்காது. 'நீங்களே பாருங்க' என்று காட்ட முடிவது ஒன்றுதான் எங்கள் கைமுதல்.

அளவு விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். சர்வர் கோப்பைத் துண்டு துண்டாகக் கொடுக்கச் சம்மதித்தால், உள்ளமைந்த வாசிப்பான் முழுக் கோப்புக்கும் காத்திருக்காமல் தேவையான பக்கத்தின் பைட்டுகளை முதலில் கேட்டு வாங்கிக் காட்ட முடியும். 300 பக்கத்துக்கு 90 எம்பி என்றால் ஒரு பக்கம் சராசரியா 0.3 எம்பி. அவ்வளவு சின்ன வேலைக்கு 90 எம்பி இறக்கச் சொல்வது, ஒரு ஏட்டைப் பார்க்கக் கேட்டவர் தலையில் அலமாரியை ஏற்றி அனுப்புவது மாதிரி.

இந்த அமைப்பு எங்கிருந்து வருகிறது? யாரும் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவா எனக்குத் தெரியவில்லை. என்ஜின்எக்ஸ் சர்வரோடு வரும் மாதிரி அமைப்புக் கோப்பில், வகை தெரியாத கோப்புக்கு ஆக்டெட்-ஸ்ட்ரீம் என்று இருக்கும். பிஎச்பி கையேட்டில் 'ரீட்ஃபைல்' பக்கத்தில் ஒரு எடுத்துக்காட்டு உண்டு: ஆக்டெட்-ஸ்ட்ரீம், அட்டாச்மென்ட், கூடவே 'கன்டென்ட்-டிஸ்கிரிப்ஷன்: ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரியால் பிரவுசருக்கு எந்த உபயோகமும் இல்லை. அதுவும் அஞ்சல் காலத்து மிச்சம். ஆனால் துப்பறிய நல்ல தடயம். நான் பயன்படுத்தும் சேமிப்பகங்களில் ஒன்றிரண்டு இதே வரியை இன்றும் அனுப்புகின்றன. கையேட்டைக் குறை சொல்ல முடியாது. கட்டாய டவுன்லோடுக்கான எடுத்துக்காட்டு என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள். நகலெடுத்தவர் தலைப்பைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்று இருக்கிறது, நியாயமானதும்கூட. யார் வேண்டுமானாலும் கோப்பு ஏற்றலாம் என்ற தளத்தில் எச்டிஎம்எல், எஸ்விஜி போன்றவற்றை உள்ளேயே திறக்க விட்டால், அதில் ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்ட் தளத்தின் அதிகாரத்தோடு ஓடும். அங்கே 'அட்டாச்மென்ட்' அவசியம். பிரவுசர்கள் வகையைத் தாமா ஊகிப்பதைக் குறைத்துக்கொண்டதும் இதே பயத்தால்தான். 2008-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 'நோஸ்னிஃப்' என்ற தடையை அறிமுகப்படுத்தியது. இன்று பிடிஎஃப்பை வெறும் உரை என்று சர்வர் சொன்னால், பிரவுசர் உள்ளே எட்டிப் பார்த்து 'இது உரை இல்லை' என்று கண்டுபிடிக்கும். ஆனாலும் பிடிஎஃப் என்று பதவி உயர்வு கொடுக்காது, இறக்கி வைத்துவிடும். ஆகவே சர்வர் தவறா சொன்னால் பிரவுசர் திருத்திக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. ஆனால் ஒரு நூலகம் தானே ஸ்கேன் செய்து தானே ஏற்றிய நூலுக்கு இந்தப் பயம் எதற்கு?

வகையை மட்டும் சரி செய்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. டேஜாவு வடிவம் ஸ்கேன் நூல்களுக்கென்றே ஏடி&டி ஆய்வகத்தில் உருவானது; கோப்பு சின்னதா இருக்கும். அதற்கு முறையான வகைப் பெயரும் உண்டு. ஆனால் அதைக் காட்டிய பழைய பாணிச் செருகுநிரல்களைக் குரோம் 2015-லும் பயர்பாக்ஸ் 2017-லும் கைவிட்டன. பெயர் சரியாக இருந்தும் படிக்க ஆள் இல்லை. சேமிப்பகம் நடத்துபவர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை வாசகரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கணும் என்பதற்கு இது ஒரு பாடம்.

உரைக் கோப்பு என்றால் தமிழுக்குத் தனிக் கஷ்டம். டெக்ஸ்ட்/பிளெயின் என்று மட்டும் சொல்லி, யூடிஎஃப்-8 என்று சேர்க்காமல் விட்டால், பிரவுசர் மேலை ஐரோப்பிய எழுத்துமுறை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அப்போது எழுத்துக்கு எழுத்து தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும், பெரும்பாலும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் வரும். தமிழ் யூனிகோடு குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-ல் மூன்று பைட்டு. முதல் பைட்டு எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பதால்தான் அந்த 'ஏ' விடாமல் வருகிறது. கோப்பு கெட்டுப்போகவில்லை. சீட்டில் ஒரு சொல் குறைகிறது.

சோதிப்பது சுலபம். பிரவுசரில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, இணைப்பைத் தட்டி, ஹெடர்களைப் பாருங்கள். 'அட்டாச்மென்ட்' இருந்தால் அந்தச் சேமிப்பகத்துக்கு மூன்று வரி எழுதுங்கள்: வகையை அப்ளிகேஷன்/பிடிஎஃப் ஆக்குங்கள், 'இன்லைன்' வையுங்கள், துண்டு துண்டாகக் கேட்க அனுமதியுங்கள். இறக்கிக்கொள்ள விரும்புபவர்களுக்கு எச்டிஎம்எல்-லில் 'டவுன்லோடு' பண்பு போட்ட தனிப் பொத்தான் வைத்தால் போதும்; ஒரே கோப்பு இரண்டு வேலைக்கும் ஆகும். மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டாம், நிதி ஒதுக்க வேண்டாம். சர்வர் அமைப்பில் கை வைக்கத் தெரிந்த ஒருவரின் அரை நாள் வேலை.