மும்பைத் தமிழ்ப் புனைவில் அடையாளம்: சீத்தா கேம்ப்பை முன்வைத்து

மும்பைத் தமிழரைப் பற்றிய புனைகதைகளை ஆராய்வோர் பெரும்பாலும் நாஞ்சில்நாடனிடமிருந்தே தொடங்குவர். அது பொருத்தமே. ‘மிதவை’ (1986) வேலை தேடிச் சென்ற படித்த இளைஞனின் வாழ்வையும், ‘எட்டுத் திக்கும் மதயானை’ (1998) ஊரைவிட்டு ஓடியவனின் அலைவையும் கூறுகின்றன. இரண்டிலும் தனியொருவனே மையம். அவனுடைய அடையாளம் ஊரும் சாதியும் தந்தது. மும்பை அதனை உரசிப் பார்க்கும் களமாகிறது. நாவல்களின் குறை அன்று இது. இவ்வொரு வார்ப்பையே மும்பைத் தமிழர் அனைவரையும் அளக்கும் கோலாக ஆய்வுலகம் கொண்டதே சிக்கல். கூட்டமாகப் பெயர்க்கப்பட்டு மறுகுடியமர்த்தப்பட்டோர் இக்கோலுக்குள் அடங்குவதில்லை.

அணுசக்தி நகரை ஒட்டியுள்ள சீத்தா கேம்ப் இதற்குத் தக்க சான்றாகும். அங்குள்ளோரின் முன்னைய இருப்பிடமான ஜனதா காலனியே, நகரின் பிற பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டோர் குடியமர்த்தப்பட்ட இடந்தான். அந்நிலத்தைப் பாபா அணு ஆராய்ச்சி மையம் வேண்டியபோது மக்கள் நீதிமன்றத்தை நாடினர். எனினும் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், காவல்துறையின் துணையோடு காலனி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 எனச் சொல்லப்படும் மக்கள் சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர்.

எதிர்ப்பை முன்னின்று நடத்திய ஜோக்கின் அற்புதம் (1946–2018) கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 2000ஆம் ஆண்டின் மகசேசே விருதாளர். 2008இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட தன்வரலாற்றுக் கட்டுரையில் போராட்டத்தின் எழுவாயாக நிற்போர் காலனி மக்களே, மொழியினம் அன்று. தமிழர் மிகுந்த குடியிருப்பிலிருந்து எழுந்த குரல் இவ்வாறு பேசுவதைத் தமிழுணர்வின் தேய்வு என்று கொள்வது அவசரமாகும். குப்பை அகற்றலும் குடிநீரும் வேண்டி நின்றவர்களுக்கு அப்பெயரே பயன் தந்தது.

பெயரிடும் உரிமை அவர்களிடம் மட்டும் இருந்ததுமில்லை. 1966இல் தோன்றிய சிவசேனை அவர்களை ‘மதராசி’ என்றது. அச்சொல் கன்னடரையும் மலையாளியையும் தமிழரோடு ஒரே பட்டியில் அடைத்தது. சட்டமோ வேறொரு கணக்கை வைத்திருந்தது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியினராயிருப்போர் பிழைப்புக்காக வேறு மாநிலம் சென்றால் அத்தகுதியின் சலுகைகள் அங்கே தொடரா என 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நெல்லையிலிருந்து சென்ற ஒடுக்கப்பட்டோரைச் சாதியின் இழிவு சக தமிழரின் பார்வையில் பின்தொடர, அதற்கு ஈடான உரிமை தமிழக எல்லையிலேயே நின்றுவிட்டது. ஆகவே இவர்களிடையே அடையாளம் ‘இழக்கப்பட்டதா, காக்கப்பட்டதா’ என்னும் வழக்கமான வினா பொருளற்றுப் போகிறது. கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது.

பன்மொழி மாந்தர் புகாரில் கலந்து இனிதுறைந்ததைப் பாடும் பட்டினப்பாலையைப் புலம்பெயர்வு ஆய்வுகள் தவறாது மேற்கோள் காட்டுகின்றன. அங்குப் பேசப்படுவோர் வளம் நாடி வந்தவர்கள். புல்டோசருக்குப் பின் கலந்து வாழ நேர்ந்தோரை அவ்வரிசையில் சேர்ப்பதற்கு முன் சிறிது தயங்குதல் வேண்டும். ‘மிதவை’ என்னும் உருவகமும் அவ்வாறே: வேரூன்றாத தனியனுக்கு அது கச்சிதமானது, ஊன்றிய வேர் இருமுறை பிடுங்கப்பட்டோருக்கு அது பொருந்தாது. ஜோக்கினின் கட்டுரையை நாஞ்சில்நாடனின் நாவல்களோடு ஒருங்குவைத்துத் தமிழ்த்துறைகள் பயிலத் தொடங்கினால், இவ்வேறுபாட்டைப் பாடநூலிலேயே காணலாம்.