மழையிடமிருந்து மீட்ட மாலைகள்: ஆற்றங்கரை மைதானமும் எல்லே மட்டையும்

அமெரிக்கப் பேஸ்போலில் மைனர் லீக் என்று வழங்கப்படுவது, 30 மேஜர் லீக் கழகங்களும் தாம் ஒப்பந்தம் செய்த இளையவர்களை ஆட்டத்துக்குப் பழக்குவதற்காக நாடெங்கும் பரப்பி வைத்திருக்கும் கீழ்மட்ட அணிகளின் தொகுதியாகும். தோட்டப்புறத்தில் தவறணை என்று சொல்லப்படும் நாற்றுமேடைக்கு நிகரான இந்த ஏற்பாடு, 2021 இல் மறுசீரமைக்கப்பட்டபோது நான்கு படிகளில் 120 அணிகள் என வரையறுக்கப்பட்டது. அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில், மிசிசிப்பி ஆற்றின் கரையை ஒட்டினாற்போல் 1931 இல் திறக்கப்பட்டு, இன்று மொடர்ன் வுட்மன் பார்க் என்ற பெயரில் இயங்கும் மைதானம் அப்படிகளில் கீழிருந்து இரண்டாவதற்கு உரியது. ஏறத்தாழ 4,000 பேர் அமரக்கூடிய அம்மைதானத்தைத் தாயகமாகக் கொண்ட குவாட் சிட்டீஸ் ரிவர் பேண்டிட்ஸ் அணி, 2021 முதல் கன்சாஸ் சிட்டி ரோயல்ஸ் கழகத்தின் கிளையாக ஆடிவருகிறது.

அங்கு செல்பவரின் கண்ணில் முதலில் படுவது ஆட்டமன்று, ஆறுதான். வலப்புற வெளிக்களத்துக்கு அப்பால் 1940 இல் திறக்கப்பட்ட சென்டெனியல் பாலத்தின் வளைவுகள் வரிசையாகத் தெரிய, இடப்புறத்தில் பிற்காலத்தில் நிறுத்தப்பட்ட இராட்டினமொன்று சுழல்கிறது. படம் எடுப்போர்க்கு இக்காட்சி போதும். ஆயினும் ஆட்டத்தை அலசுவோர் அதே ஆற்றின் நீர்மட்டத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 15 அடியைத் தாண்டினால் வெள்ளம் என்று கணிக்கப்படும் அவ்விடத்தில், 1993 ஜூலையில் ஆறு 22.63 அடிக்கு உயர்ந்து மைதானத்தையே மூழ்கடித்தது. 2019 மே மாதத்தில் 22.70 அடியை எட்டி அந்தப் பதிவையும் முறியடித்தது. ஆற்றின் காட்சியை மறைக்க மனமில்லாமல் நகருக்கென நிரந்தர வெள்ளத்தடுப்புச் சுவர் கட்டாமலே காலம் கடத்திய டேவன்போர்ட், மைதானத்துக்கு மட்டும் வேண்டும்போது பொருத்தவும் பின்னர் கழற்றவும் கூடிய சுவரை அமைத்துக்கொண்டது. அதனால் சுற்றிலும் நீர் சூழ்ந்து மைதானம் தீவாகிவிட்ட நாட்களிலும், பார்வையாளர் உயர்த்திக் கட்டிய நடைபாதை வழியே உள்ளே சென்று ஆட்டத்தைக் கண்டனர்.

ஈரமான ஆற்றங்கரைக் காற்று கனமானது, ஆகவே பந்து தொலைவு பறக்காது என்ற எண்ணம் பேஸ்போல் ரசிகர்களிடையே மட்டுமல்ல, கிரிக்கெட் பார்ப்போரிடமும் வேரூன்றியிருக்கிறது. நீராவியின் மூலக்கூறு நைதரசன் மூலக்கூறைவிட எடை குறைந்தது என்பதால் ஈரக்காற்று உலர்காற்றைவிடச் சற்றே இலேசானது என்பதே உண்மை. பந்தின் துள்ளல் குறைவதற்குக் காரணம், அதன் தோலுக்குள் இறுகச் சுற்றப்பட்டிருக்கும் கம்பளி நூல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதுதான். உயரமும் வறட்சியும் மிகுந்த டென்வர் நகர மைதானம் 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் வைத்திருந்து எடுப்பது இதன் அடிப்படையிலேயே.

ஆடுபவனுக்கு இவற்றைவிட முக்கியமானது ஆட்டங்களின் எண்ணிக்கை. டேவன்போர்ட் அணி இருக்கும் படியில் ஓர் அணி ஒரு பருவத்தில் 132 ஆட்டங்கள் ஆடுகிறது; ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்கு, வாரத்தில் ஒரு நாள் தவிர ஒவ்வொரு நாளும் ஆட்டம் என்பது இதன் பொருள். 2012 இல் மேஜர் லீக் கழகங்களின் வருடாந்தப் புதுவீரர் தெரிவில் முதலாவதாக எடுக்கப்பட்ட புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர் கார்லோஸ் கொரேயா, 18 வயதில், 2013 பருவத்தில் டேவன்போர்ட் அணிக்காக 117 ஆட்டங்களில் ஆடி .320 என்ற சராசரியைப் பெற்றார். அதாவது கணக்கில் கொள்ளப்படும் ஒவ்வொரு நூறு வாய்ப்பிலும் 32 தடவை பந்தைச் சரியாக அடித்துத் தளத்தை அடைந்து, 68 தடவை தோற்றுத் திரும்பினார். மிகச் சிறந்ததென்று போற்றப்படும் பருவமே இவ்வளவு தோல்விகளைக் கொண்டதென்றால், அத்தனை தடவை தோற்பதற்கு இடம் தருவதே மைனர் லீக்கின் வேலை என்று கொள்ளலாம். இரண்டே ஆண்டுகளில், 2015 இல், அவர் மேஜர் லீக்கின் ஒரு பிரிவான அமெரிக்கன் லீக்கில் ஆண்டின் சிறந்த புதுமுகமானார்.

இதனை இலங்கையோடு பொருத்திப் பார்க்கையில் எல்லே ஆட்டம் நினைவுக்கு வருவது இயல்பு. மூங்கில் தடியால் பந்தை அடித்து, 55 மீற்றர் இடைவெளியில் நடப்பட்ட நிறுத்தங்களைத் தாண்டி ஓடி முடிப்பதே அதில் ஓர் ஓட்டம். அடிப்பவருக்கு மூன்று வாய்ப்புகள் உண்டு. எறிந்த பந்து ஓடுபவரின் உடலில் பட்டால் அவர் ஆட்டமிழப்பார் என்பதால் பெரும்பாலும் மென்மையான டென்னிஸ் பந்தே பயன்படுகிறது. எல்லே ஆடியவருக்குப் பேஸ்போல் எளிது என்று சொல்லப்படுவதில் பாதி உண்மை இருக்கிறது. தடியைச் சுழற்றும் வலிமையும் ஓட்டமும் அப்படியே உதவும் என்றாலும், பேஸ்போலில் 18.44 மீற்றர் தொலைவிலிருந்து மணிக்கு 145 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து ஏறத்தாழ 0.4 விநாடியில் வந்து சேர்ந்துவிடும். அதற்குள் நேராக வருகிறதா, கடைசிக் கணத்தில் வளைகிறதா என்று கண் தீர்மானிக்க வேண்டும். களத்தடுப்பாளரோ ஓடும் ஆளைக் குறிவைத்து எறியும் பழக்கத்தை விட்டு, 27.43 மீற்றர் இடைவெளியில் அமைந்த தளத்தில் நிற்கும் சகவீரரின் கையுறைக்கு எறியப் பழக வேண்டும். இவ்விரண்டும் விளக்கிச் சொல்வதால் வருவன அல்ல. ஈட்டி எறிதலில் பழகிய ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்னும் இரு இந்திய இளைஞர்களை 2008 இல் பிற்ஸ்பர்க் பைரேட்ஸ் கழகம் ஒப்பந்தம் செய்தபோது தோள்வலிமை அவர்களிடம் இருந்தது. ஆனால் இருவரும் மைனர் லீக்குக்கு மேலே போகவில்லை.

இலங்கையில் இந்த இடைப்படிதான் இல்லை. 2012 இல் ஜப்பானின் உதவியோடு ஹோமாகமவை அடுத்த தியகமவில் பேஸ்போலுக்கென்றே ஒரு மைதானம் திறக்கப்பட்டதும், 2019 இல் மேற்காசியக் கிண்ணத்தை இலங்கை வென்றதும் சிறிய சாதனைகள் அல்ல. ஆயினும் அதே ஆண்டில் தாய்வானில் நடைபெற்ற ஆசிய வெற்றிக்கிண்ணப் போட்டியில் பங்கேற்ற முன்னணி நாடுகளில், ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் நடக்கும் லீக்குகள் உள்ளன. இடைவெளி திறமையில் தொடங்குவதில்லை, நாட்காட்டியில் தொடங்குகிறது.

இலங்கையின் கேகாலை மாவட்டத்தை எடுத்துக்கொண்டால், அங்கு அந்த நாட்காட்டியை எழுதுவது மழை. மலைச்சரிவுகளில் தேயிலையும் இறப்பரும் நிரம்பியிருக்க, சமதரை கிடைப்பது பெரும்பாலும் ஆற்றோரங்களிலும் ஓயாக்கரைகளிலும் மட்டுமே என்பதால், கித்துல்கல, எட்டியாந்தோட்டை, ருவன்வெல்ல என்று களனி கங்கை இறங்கிவரும் வழியில் பந்தாடத் தகுந்த நிலம் நீருக்குப் பக்கத்திலேயே அமைகிறது. அதற்கு மேலே, தோட்டங்களில், காலையில் பேர் பதியும் பிரட்டுக்களமே மாலையில் பிள்ளைகளின் மைதானமாகிறது. 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மலை சரிந்ததைப் போன்ற பேரிடரின்போது ஆட்டத்தைப் பற்றிப் பேசுவது பொருந்தாது; இங்கு கருதப்படுவது, ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்து, பிற்பகல்களை ஒவ்வொன்றாகப் பறித்துக்கொள்ளும் வழக்கமான மழையே.

அந்த மழையின் முன் தோட்டம் ஒருபோதும் சும்மா இருந்ததில்லை என்பதுதான் வேடிக்கை. இறப்பர் மரத்தில் பால்வெட்டுக் கோட்டுக்குச் சற்று மேலே, தண்டைச் சுற்றிப் பாவாடை போலப் பொலித்தீன் விரிப்பொன்றைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். மழைக்காப்பு எனப்படும் அவ்விரிப்பு, பட்டை வழியாக வழியும் நீரை அப்பால் திருப்பிவிடுவதால், வெட்டுக்கோடு நனையாமலும் சிரட்டையில் சேரும் பால் கழுவுண்டு போகாமலும் தப்புகிறது. ஆண்டில் எத்தனை வெட்டு நாட்கள் இவ்வாறு மீட்கப்பட்டன என்பது தோட்டத்துக் கணக்கில் ஏறுகிறது. கீழே ஆற்றோரத்து மைதானத்தில் எத்தனை ஆட்ட நாட்கள் போயின என்பதற்கோ கணக்கும் இல்லை, ஒட்டுவதற்குப் பொலித்தீனும் இல்லை.