மேற்படிப்பு வழிகாட்டிகள்: ஒரு மதிப்பீடு

மே மாதம் வந்துவிட்டால் புதுச்சேரியில் மேற்படிப்பு வழிகாட்டிக் கூட்டங்களுக்குக் குறைவிருப்பதில்லை. மண்டபம் நிறைய மாணவர்கள், மேடையில் பேச்சாளர்கள், வாயிலில் கல்லூரிகளின் விளம்பரத் தாள்கள். பிளஸ் டூவுக்குப் பின் என்ன படிக்கலாம் என்று சொல்லும் கையேடுகளும் கடைகளில் பலவகை. இம்முயற்சிகளின் நோக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. தந்தையோ தமக்கையோ கல்லூரி வாயிலை மிதித்திராத வீட்டுப் பிள்ளைக்கு எந்தச் செய்தியும் பயனுள்ளதே. ஆனால், அப்பிள்ளைக்கு முதலில் வேண்டியதை இவை தருகின்றனவா என்று நோக்கினால், பெரும்பாலும் இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. படிப்புகளின் பெயர்களை அடுக்குகிறார்கள். 'எதிர்காலம் உள்ள துறை' என்று நான்கைந்தைச் சுட்டுகிறார்கள். சேர்க்கை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

முதற்குறை காலம் தாழ்த்துவது. புதுச்சேரி அரசுப் பள்ளி மாணவர்கள் மத்திய வாரியத்தின் பிளஸ் டூ தேர்வை முதன்முதலாக எழுதியது 2025-இல். அவ்வாண்டு முடிவு வெளியானது மே 13. நீட் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் காலமோ மார்ச் 7-ஆம் நாளே முடிந்துவிட்டது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்புகளில் சேர 2022 முதல் தேவைப்படும் க்யூட் பொதுத்தேர்வுக்கும் மார்ச் மாதத்தோடு கதவு அடைபட்டது. ஆக, மே மாதக் கூட்டத்தில் அமர்ந்து 'காலாப்பட்டில் நல்ல பல்கலைக்கழகம் இருக்கிறது' என்று கேட்டுக்கொண்ட மாணவி அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

உண்மையில், வழி பிரியும் இடம் பதினொன்றாம் வகுப்பு. கணிதத்தை விட்டவருக்குப் பொறியியல் மட்டுமல்ல, பல கல்லூரிகளில் இயற்பியல் பட்டப்படிப்பும் எட்டாது. உயிரியலை விட்டவருக்கு மருத்துவம் எட்டாது என்பதே நெடுநாள் விதி. உயிரியலைப் பின்னர் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் தகுதியுண்டு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. இச்செய்தியை எத்தனை கையேடுகள் அச்சிட்டிருக்கின்றன? பதினைந்து வயதில் எடுக்கும் முடிவுக்குப் பதினேழு வயதில் வழிகாட்டுவதை என்னென்பது!

அடுத்தது, எந்தக் கதவை யார் திறக்கிறார்கள் என்ற குழப்பம். ஜிப்மரை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு அரசு 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் 1956-இல் இந்திய அரசின் பொறுப்பில் வந்து, 1964-இல் ஜிப்மர் ஆயிற்று. கல்லூரி நம் கோரிமேட்டில் இருக்கிறது. அதன் சேர்க்கை நம் ஊரில் இல்லை. 2019 வரை தனக்கென ஒரு நுழைவுத்தேர்வு நடத்திவந்த அது, 2020 முதல் நீட் தேர்வின் அடிப்படையிலேயே மாணவரைச் சேர்க்கிறது. இடங்களை ஒதுக்குவது மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு. புதுச்சேரியைச் சேர்ந்தவர்களுக்கென உள்ள இடங்களும் அக்குழு வழியாகத்தான் வரும். கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியில் புதுச்சேரி அரசுக்குரிய இடங்களோ சென்டாக் வழியாக வரும். 'சென்டாக்கில் பதிந்தாயிற்று, ஜிப்மரும் அதிலேயே வந்துவிடும்' என்று வீட்டில் காத்திருப்பவருக்கு ஜிப்மர் வரவே வராது. ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய செய்தி இது.

சென்னையில் அச்சாகும் கையேடுகளால் இன்னொரு தொல்லை. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. இன்னும் வடக்கே சென்றால் காலாப்பட்டு, மீண்டும் புதுச்சேரி. நிலம் இவ்வாறு பின்னிக் கிடக்க, அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு என்று கையேட்டில் படிக்கும் புதுவைப் பிள்ளை அதைத் தனக்குரியது என்று எண்ணிவிடுகிறான். அது தமிழ்நாடு 2020-இல் கொண்டுவந்தது. புதுச்சேரியில் 2023-இல் நடைமுறைக்கு வந்தது 10 விழுக்காடு. எந்த வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், இருப்பிடச் சான்று எப்படி இருக்க வேண்டும் என்ற விதிகளும் இரண்டுக்கும் தனித்தனி. தமிழ்நாட்டு அரசு 2022-இல் தொடங்கிய 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகள் பாராட்டத்தக்கவை. கேட்பவர் எந்த அரசின் எல்லைக்குள் வாழ்பவர் என்பதை மட்டும் கேட்பவரே நினைவில் வைக்க வேண்டும்.

இனி, நம் இதழின் வாசகர்கள் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டிய பகுதிக்கு வருவோம். கலந்தாய்வில் கல்லூரிகளை எந்த வரிசையில் எழுதுவது? 'கிடைக்கக்கூடியதை முதலில் எழுது. பெரிய கல்லூரிக்கு ஆசைப்பட்டால் உள்ளதும் போய்விடும்' என்று மேடையில் அறிவுரை கூறுவோர் உண்டு. இது தவறு, அதுவும் மாணவரின் இடத்தையே பறிக்கக்கூடிய தவறு.

தகுதிப் பட்டியலில் 120-ஆம் இடத்தில் ஒரு மாணவி இருப்பதாகக் கொள்வோம். முதல் 119 பேருக்கும் ஒதுக்கீடு முடிந்தபின் கணிப்பொறி அவளது பட்டியலைப் பார்க்கிறது. முதலில் எழுதிய கல்லூரியில் இடம் உண்டா? இல்லையெனில் இரண்டாவது, அதுவும் இல்லையெனில் மூன்றாவது. 121-ஆம் மாணவனின் பட்டியல் இன்னும் பிரிக்கப்படவே இல்லை. எனவே, கிடைக்க அரிதான கல்லூரியை முதலில் எழுதுவதால் இரண்டாவதில் அவளுக்குள்ள வாய்ப்பு இம்மியும் குறையாது. மாறாக, அஞ்சி இரண்டாவதை முதலில் எழுதிவிட்டால், முதல் கல்லூரியில் இடம் காலியாக இருந்தாலும் அவளுக்குக் கிட்டாது.

இது கணிதம் நிறுவிய உண்மை. 1962-இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் கல்லூரிச் சேர்க்கையையும் திருமணப் பொருத்தத்தையும் ஒரே கணக்காக ஆராய்ந்து ஒரு சிறு கட்டுரை எழுதினர். அதன் வழிவந்த முறையே 2015 முதல் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களின் கூட்டு ஒதுக்கீட்டில் பயன்படுகிறது. ஷாப்லி 2012-இல் ஆல்வின் ராத்துடன் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். எல்லா முறைகளும் இப்படி நேர்மையானவை அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளில், முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே முதலில் இடம் தரும் முறை இருந்தது. அங்கே சூது செய்தவர் பிழைத்தார். உண்மை விருப்பத்தை எழுதியவர் இழந்தார். 2005-இல் அம்முறையைக் கைவிட்டனர். நம் மேடைகளில் கேட்கும் அறிவுரை பாஸ்டனுக்கு ஒருவேளை பொருந்தியிருக்கும்!

நூற்றுமானம் பற்றியும் இதே குழப்பம். ஜே.இ.இ. மெயின் தேர்வில் 90 நூற்றுமானம் என்பது நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் அன்று. பத்து இலட்சம் பேர் எழுதினால், அவருக்கு முன்னால் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் நிற்கிறார்கள் என்று பொருள்.

தமிழில் எழுதுவோருக்கு ஒரு சொல். நீட் வினாத்தாளைத் தமிழில் பெற விரும்புவோர் விண்ணப்பத்திலேயே அதைக் குறிக்க வேண்டும். அத்தாளில் ஆங்கில வடிவமும் உடனிருக்கும். இரண்டும் முரண்பட்டால் ஆங்கிலமே முடிவானது. 2018-இல் தமிழாக்கத்தில் 49 வினாக்கள் பிழைபட்டிருந்தன என்று வழக்கு எழுந்தது. வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. மாணவர்க்கு ஒரு மதிப்பெண்ணும் வரவில்லை. ஐயம் தோன்றும் இடத்தில் ஆங்கில வரியையும் படித்துப் பார்க்கும் பழக்கத்தைப் பதினொன்றாம் வகுப்பிலேயே ஏற்படுத்துவது ஆசிரியர்களால் இயலாததன்று.

விண்ணப்ப மாதங்கள், கதவுக்கொரு அலுவலகம், சான்றிதழ் விதிகள், விருப்பப் பட்டியல் எழுதும் முறை: இவையெல்லாம் நான்கு பக்கத்தில் அடங்கும். அதைப் பத்தாம் வகுப்பு முடித்தவர் கையில் கொடுக்கலாம். விற்பனையிலுள்ள கையேடுகள் சிலவற்றில் விளம்பரங்களே அதைவிடக் கூடுதலான பக்கங்களைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.