மரம் சுமக்கும் லாரி, குற்றி சுமக்கும் லொறி

3 மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் குறுக்களவும் உள்ள பச்சைத் தேக்குக் கட்டை முக்கால் டன்னுக்குக் குறையாது. அதை ஆள் நெஞ்சுயரத்தில் இருக்கும் வண்டித் தளத்துக்கு ஏற்ற வேண்டும். அநுராதபுரத்துத் தேக்கந்தோட்டமோ, நிலம்பூர் மலைச்சரிவோ, கிரேன் வராத இடத்தில் வேலை ஒரே மாதிரிதான் நடக்கிறது. இரண்டு பலமான கம்புகளை வண்டியின் பக்கவாட்டில் சாய்த்து வைக்கிறார்கள். கட்டையின் இரு முனைகளிலும் வடம் சுற்றி, ஒரு நுனியை மேலே கட்டிவிட்டு மறுநுனியை வண்டிமேல் நிற்பவர்கள் இழுக்கிறார்கள். கீழே நிற்பவர்கள் கடப்பாரையாலோ அலவாங்காலோ நெம்பித் தள்ளுகிறார்கள். ஒவ்வொரு சாண் ஏறியதும் கட்டைக்குக் கீழே ஓர் ஆப்பு. ஒரு பக்கத்து வடம் நழுவினால் கட்டை கோணிக்கொண்டு கீழே நிற்பவர் மீதுதான் வரும்.

இந்த ஒற்றுமையெல்லாம் ஏற்றி முடிக்கும் வரைதான். வண்டி எவ்வளவு தூரம் போகும், யார் தந்த சீட்டைக் காட்டும், பிடிபட்டால் யார் முன் நிற்கும், ஏற்றியவருக்குக் கூலியை யார் தீர்மானிப்பார் என்ற ஒவ்வொன்றிலும் இலங்கையும் இந்தியாவும் வேறு வேறு வழியில் போயிருக்கின்றன.

இலங்கையில் 1990இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு சட்டப்படி சந்தைக்கு வரும் உள்நாட்டு மரம் தோட்டக் காடுகளிலிருந்தும், ரப்பர் தோட்டங்களிலிருந்தும், வீட்டுவளவுகளிலிருந்தும் வருவதுதான். வீட்டுவளவின் பங்கு பெரிது. கொல்லையில் நிற்கும் ஒற்றைப் பலாவையோ மலைவேம்பையோ விற்றால், அதை எடுக்க ஒழுங்கைக்குள் நுழையக்கூடிய வண்டி வேண்டும். அதனால்தான் அங்கே இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கென்டர் போன்ற சிறிய லொறிகளும், பெட்டி பூட்டிய உழவு இயந்திரமும் மரவேலைக்கு அதிகம் ஓடுகின்றன. இரண்டு சில்லு உழவு இயந்திரமான லாண்ட்மாஸ்டர்கூட நான்கைந்து தென்னங்குற்றிகளை இழுத்துக்கொண்டு மரக்காலைக்குப் போகும். தளபாடத்துக்குப் பெயர்போன மொறட்டுவை, தீவின் எந்தக் காட்டோரத்திலிருந்து புறப்பட்டாலும் ஒரு நாள் ஓட்டத்துக்குள் வந்துவிடும். 2020இல் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய லொறிகளையே ஒட்டுப்போட்டு ஓட்ட வேண்டியிருந்தது. பாரம் ஏற்றி மலைப்பாதையில் இறங்கும் ஒரு வண்டிக்கு இது சின்ன விஷயமல்ல.

இந்தியாவில் எல்லாமே தூரமும் எடையும். கேரளத்துப் பெரும்பாவூரின் பிளைவுட் ஆலைகளுக்குக் கோட்டயம், பத்தனம்திட்டை, கன்னியாகுமரி என்று பல மாவட்டங்களிலிருந்து ரப்பர் மரம் லாரி லாரியாக வருகிறது. ஹரியானாவின் யமுனா நகருக்குப் பாப்லர் மரம் டிராக்டர் டிராலிகளில் வருகிறது. டிராலியின் விளிம்பைத் தாண்டி இருபுறமும் கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்க, பின்விளக்கும் இல்லாமல் அவை நெடுஞ்சாலையில் ஊர்வது வட இந்தியப் பனிக்காலத்தின் பெரிய ஆபத்துகளில் ஒன்று. தமிழகத்திலோ கடலூர், விழுப்புரம் பக்கத்துச் சவுக்கும் புதுக்கோட்டைத் தைலமரமும் கரூருக்கு அருகே புகளூரிலுள்ள தமிழ்நாடு காகித ஆலைக்குப் போகின்றன. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டுத் தேக்கு, கண்டெய்னருக்குள் அடைத்தபடியே டிரெய்லரில் ஏறிச் செங்கோட்டை மர அறுவை ஆலைகளுக்கு வருகிறது. 2014இல் மியான்மர் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திய பிறகு ஆப்பிரிக்கத் தேக்கும் தென் அமெரிக்கத் தேக்கும் அந்த இடத்தை நிரப்பின.

காகிதக் கூழுக்கும் பிளைவுட்டுக்கும் போகும் மரத்துக்கு விலை டன் கணக்கில். வெட்டிய கட்டை வெயிலில் காயக் காய எடை குறையும். எடை குறைந்தால் பணம் குறையும். அதனால் வெட்டிய கையோடு ஏற்றி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு குவித்து எடைமேடைக்கு விரட்டுகிறார்கள். 2018இல் மத்திய அரசு லாரிகளின் மொத்த எடை வரம்பை உயர்த்தியது: இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன் என்பது 18.5 டன்னாகவும், மூன்று அச்சு லாரிக்கு 25 டன் என்பது 28.5 டன்னாகவும் ஆனது. சரக்குப் போக்குவரத்துக்கு அது நல்லதாக இருக்கலாம். ஆனால் உருண்டை மரம் மூட்டை போலப் படிந்து உட்காராது. கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன்னும் உச்சியில்தான் ஏறுகிறது; திருப்பத்தில் கவிழ்வதற்கு அந்த உச்சியே காரணமாகிறது.

லாரிக்கு முன்பு இந்தியக் காடுகளில் வேறு ஏற்பாடுகள் இருந்தன. ஆனைமலையின் டாப்ஸ்லிப்புக்கு அந்தப் பெயர் வந்ததே மேலிருந்து கட்டைகளைச் சரிவில் உருட்டிவிட்டதால்தான். பரம்பிக்குளத்துத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்கக் கொச்சி அரசு போட்ட காட்டு டிராம்வே 1907 முதல் 1963 வரை ஓடியது. நிலம்பூர் மரம் சாலியாற்றில் மிதந்து கோழிக்கோட்டுக் கல்லாயிக்குப் போனது.

சீட்டு விஷயத்துக்கு வருவோம். இரு நாட்டு ஓட்டுநருக்கும் மிகப் பெரிய பயம் கவிழ்வது அல்ல, பறிமுதல். இலங்கையில் பலா, பெண்பனை போன்றவற்றை வெட்டுவதற்கே 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அனுமதி கேட்கிறது. கிராம அலுவலரின் பரிந்துரை, பிரதேச செயலகம், வனவளத் திணைக்களம் என்று அலைந்து அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அது இல்லாமல் முதிரைக் குற்றியோடு பொலிஸில் பிடிபட்டால், வனக் கட்டளைச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்கீழ் லொறியும் போய்விடலாம். ஆனால் அதற்கு நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமாக வேண்டும். வண்டி உரிமையாளர் வேறு ஒருவராக இருந்தால், குற்றம் நடக்காமலிருக்கத் தான் எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்ததாக அவரே நிரூபிக்க வேண்டும். லொறிகள் பெரும்பாலும் லீசிங்கில் ஓடுவதால், நிதி நிறுவனங்களும் இந்த வழக்குகளில் வந்து நின்றிருக்கின்றன.

தமிழகத்தில் நிலைமை இன்னும் கடுமை. 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் 49-ஏ பிரிவின்படி, அதிகாரம் பெற்ற வன அலுவலரே வண்டியைப் பறிமுதல் செய்து உத்தரவிடலாம். குற்ற வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கேரளச் சட்டமும் இதே வழிதான். பிடிப்பவரின் துறையே தீர்ப்பும் சொல்வது நியாயமில்லை. இந்த ஒன்றில் இலங்கை முறைதான் மேல்.

வேறொரு விதத்தில் இந்தியா முந்திவிட்டது. கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்பட்டதை எதிர்த்துத் தொடங்கிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமான இடைக்கால உத்தரவைப் பிறப்பித்தது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து ரயில், சாலை, நீர்வழி எதிலும் மரம் வெளியேறக் கூடாது என்றது அந்த உத்தரவு. அதன் பிறகு காட்டு மரத்தைவிட விவசாயியின் மரமே சாலையில் அதிகம் ஓடத் தொடங்கியது. அந்த விவசாயிக்கோ மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதி. அதைத் தீர்க்கத்தான் 2023 டிசம்பர் 29இல் தேசிய போக்குவரத்துச் சீட்டு முறை வந்தது. கியூஆர் குறியீடு போட்ட ஒரே சீட்டை எந்த மாநிலச் சோதனைச் சாவடியிலும் காட்டலாம். காகிதக் கட்டோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் இலங்கைச் சிறு நில உரிமையாளருக்கு இப்படி ஒன்று உடனே தேவை.

ஆனால் சீட்டில் மரத்தின் இனம், நீளம், சுற்றளவு, வண்டி எண் எல்லாம் இருக்கின்றன. ஏற்றியவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இந்த இடத்தில் கேரளத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே 1978ஆம் ஆண்டின் சுமைதூக்கும் தொழிலாளர் சட்டம் வந்தது. பதிவு, அடையாள அட்டை, நிர்ணயித்த கூலி, நல நிதி ஆகியவை கிடைத்தன. வேலை செய்யாமல் பார்த்து நின்றதற்குக் கேட்ட ‘நோக்குகூலி’ அந்தச் சங்கங்களின் பெயரைக் கெடுத்ததும், 2018 மே 1 முதல் அது ஒழிக்கப்பட்டதும் உண்மை. அதற்காக அந்தச் சட்டம் தந்த பாதுகாப்பை மறந்துவிட முடியாது. தமிழகத்தில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் நல வாரியமும் இருந்தாலும், சவுக்குத் தோப்பில் ஒப்பந்தக்காரர் கூட்டிவரும் ஆட்கள் பலருக்கு அந்த அட்டை கையில் இருப்பதில்லை. இலங்கையில் 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நாட்கூலிக்கு மரம் ஏற்றுபவரையும் காக்க வேண்டியது. ஆனால் யார் முதலாளி என்று காட்ட ஒரு துண்டுத்தாள் இல்லாதபோது, அடிபட்டவர் யாரிடம் போவார்?

யானையும் இந்த வேலையில் இருந்தது. இரு நாடுகளிலும் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. கேரளத்துக் கொம்பன் தந்தத்தால் கட்டையை ஏந்தி லாரியில் வைக்கும். இலங்கை யானைகளில் தந்தமுள்ளவை மிகக் குறைவு என்பதால், அங்கே வாயில் கயிற்றைக் கவ்வி இழுப்பதும் நெற்றியால் முட்டித் தள்ளுவதுமே அதிகம்.

இன்று இரு நாடுகளிலும் ஜேசிபியும் கிரேனும் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஜேசிபியை இலங்கையில் பெகோ என்பார்கள். இருந்தும் பெரும்பாலான மரவண்டிகள் நெல்லும் சிமென்டும் ஏற்றும் அதே சாதாரண வண்டிகளே. கட்டை உருளாமல் தடுக்கும் உயரமான இரும்புக் குத்துக்கால்கள் அவற்றில் இல்லை. வெறும் கயிறுதான் காவல். குத்துக்கால் பொருத்துவது ஊர் வெல்டிங் பட்டறையிலேயே முடியும் வேலை. 1968இல் தொடங்கிய இலங்கை அரச மரக் கூட்டுத்தாபனமும், 1974இல் தொடங்கிய தமிழ்நாடு வனத்தோட்டக் கழகமும் மரம் விற்கும்போதே இதை நிபந்தனையாக வைக்கலாம். குத்துக்கால் இல்லாத வண்டிக்குப் போக்குவரத்துச் சீட்டு எழுத வேண்டாம் என்று கிடங்கு வாசலில் இருப்பவருக்கு ஓர் உத்தரவு போதும்.