அரக்குத் தட்டில் ஒரு செங்கோட்டைக் குரல்

தில்லியில் செங்கோட்டைக்கும் ஜும்மா மசூதிக்கும் இடைப்பட்ட பழம்பொருட் கடைகளுள் ஒன்றில், இந்தித் திரைப்பட இசைத்தட்டுகளின் குவியலுக்கு அடியிலிருந்து, சில ஆண்டுகளுக்கு முன்னர் நமக்கு ஒரு தட்டு கிடைத்தது. நடுவில் ஒட்டிய தாள் பாதி கிழிந்திருந்தது. எஞ்சிய பாதியில் 'கிட்டப்பா' என்ற பெயர் தமிழெழுத்தில் தெரிந்தது. கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'மதராசி' என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டார். செங்கோட்டை கிட்டப்பாவைச் செங்கோட்டையின் நிழலிலேயே கண்டெடுத்தோம் என்று நண்பர்களிடம் சொல்லி மகிழ்ந்தோம். வீட்டுக்கு வந்து துடைத்துப் பார்த்தபோதுதான், தட்டின் ஓரம் ஒரு விரற்கடை அளவு உடைந்திருப்பது தெரிந்தது. ஊசி உட்புறத்தில் இறங்கும்போது பாட்டின் முதற்சொற்கள் போய்விட்டிருந்தன.

நாம் கிட்டப்பாவை மேடையில் கண்டவரல்லோம். 1906-இல் பிறந்து 1933-இல், இருபத்தேழே வயதில் மறைந்தவர் அவர். நாம் பிறந்தது அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின். அப்படியிருக்க, அந்தக் குரலைக் கேட்கும்போது நெஞ்சில் எழுவதை 'பழைய நினைவு' என்று சொல்வது பொருந்துமா? நம்முடையதல்லாத ஒரு காலத்துக்காக ஏங்குவது பொய்யேக்கம் ஆகாதா? இக்கேள்வியை நம்மை நாமே பலமுறை கேட்டுக்கொண்டதுண்டு. பாட்டனார் திண்ணையில் அமர்ந்து சொன்ன கதைகளின் சுவையைப் பாட்டின் சுவையென்று மயங்குகிறோமோ என்னும் ஐயம் இன்றும் முழுதாக நீங்கவில்லை. ஆகவே, கதையை ஒதுக்கிவிட்டுக் காதை மட்டும் நம்பி இத்தட்டுகளை மதிப்பிட முயல்வோம்.

கதையை ஒதுக்குவது எளிதன்று. கிட்டப்பா என்றவுடன் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் பெயரும் உடன் வருகிறது. இலங்கை மேடையில் தொடங்கிய நட்பு, மணம், பிரிவு, அவர் மறைந்தபின் அம்மையார் உடுத்த வெள்ளைச் சேலை என்று அந்த வரலாறு ஒரு நாடகமாகவே நம் மனத்தில் நிலைத்துவிட்டது. அதனால் கிட்டப்பாவின் தட்டைக் கேட்பவர் பலர் பாட்டைக் கேட்பதில்லை, துயரத்தைக் கேட்கிறார்கள். அகால மரணம் எந்தப் பாடகரையும் விமரிசனத்துக்கு அப்பால் கொண்டு சென்று வைத்துவிடுகிறது. இது அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகாது.

முதலில் அத்தட்டு என்ன பொருள் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். அது அரக்கு. இன்றைய ஜார்க்கண்டு மாநிலக் காடுகளில் மரக்கிளைகளில் பூச்சிகள் சுரக்கும் அதே அரக்கு, அன்றைய இசைத்தட்டின் உயிர்ப்பொருளாக இருந்தது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது ஏறத்தாழ மூன்று நிமிடம். 1902-இல் கல்கத்தாவில் பதிவு செய்த கோஹர் ஜான், பாடி முடித்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். தட்டு அச்சாகும் ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துத் தொழிலாளர் எது யாருடையது என்று அறிவதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஒலிவாங்கி வழியாகப் பதியும் முறை 1925-இல்தான் வந்தது. அதற்கு முன் பாடியவர் அனைவரும் ஒரு கூம்பின் வாயில் கத்தியவர்களே. கோயம்புத்தூர் தாயி அத்தகைய காலத்தவர். 1917-இல் மறைந்த அவரது இசை, 1912-இல் இந்தியா வந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜைக் கவர்ந்து, அவருடைய இசையமைப்பிலேயே தடம் பதித்தது. பாரிஸ் நகரத்தார் அறிந்த தாயியைக் கோவையில் எத்தனை பேர் இன்று அறிவார்?

மூன்று நிமிடம் என்பது இழப்பு என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. மணிக்கணக்கில் விரியும் இராகத்தை ஒரு கைப்பிடிக்குள் அடைத்துவிட்டார்களே என்று இரங்குவோர் உண்டு. கீர்த்தனைகளைப் பொறுத்தவரை நாமும் அவ்வாறே எண்ணுகிறோம். கிட்டப்பாவின் கீர்த்தனைத் தட்டுகளில் ஒரு பதற்றம் இருக்கிறது. கடைசி வண்டியைப் பிடிக்க ஓடுகிறவரின் அவசரம். பிருகாக்கள் மின்னலாக வருகின்றன, ஆனால் மின்னலுக்குப் பின் மழை இல்லை. இதைச் சொன்னால் சினங்கொள்ளும் அன்பர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள் என்பதை அறிவோம்.

விருத்தத்தில் நிலைமை வேறு. தாளக்கட்டு இல்லாத அவ்வடிவம் மூன்று நிமிடத்துக்கென்றே பிறந்தது போலிருக்கிறது. வள்ளலாரின் அருட்பாவிலிருந்து அவர் பாடிய அந்தப் புகழ்பெற்ற விருத்தத்தைக் கேளுங்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் எட்டவேண்டும் என்பதற்காகப் பழகிய குரல் அது. மேல் ஸ்தாயி அதற்கு வித்தைகாட்டும் இடமன்று, குடியிருக்கும் இடம். அவசரமின்றிச் சொல்லுக்குச் சொல் நின்று, பின்னர் ஒரே மூச்சில் ஏறி இறங்குகிறது. கீர்த்தனையில் நாம் குறைகண்ட அதே வேகம் இங்கே அடங்கி, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் வெளிப்படுகிறது.

ஆயினும் தமிழ்ச் சொல்லின் தெளிவில் நம் தீர்ப்பு சுந்தராம்பாளின் பக்கமே. 1953-இன் ஔவையாரிலும் 1965-இன் திருவிளையாடலிலும் முதிர்ந்த குரலில் கேட்டுப் பழகியவர்கள், அவருடைய இளமைக்காலத் தட்டுகளைத் தேடிக் கேட்பதில்லை. தேசியப் பாடல்களும் அவற்றுள் உண்டு. எந்தத் தேய்ந்த தட்டிலும் ஒரு சொல்கூடச் சிதைவதில்லை. ழகரமும் றகரமும் தனித்தனியே காதில் விழுகின்றன. கிட்டப்பாவிடம் நாதம் முன்னே செல்லச் சொல் பின்தொடர்கிறது. அம்மையாரிடம் இரண்டும் கைகோத்து வருகின்றன. இந்தி ஒலிக்கும் தெருவில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றவில்லை.

இங்கே ஒரு குறை. இன்று இத்தட்டுகளைக் கணினியில் ஏற்றிப் பரப்புவோர், கரகரப்பை நீக்குவதாகச் சொல்லிப் பாடுபவரின் மூச்சையும் சேர்த்து நீக்கிவிடுகிறார்கள். சுழலும் வேகத்தையும் சரிபார்ப்பதில்லை. ஒரே தட்டின் இரு பிரதிகளைக் கேட்டால் சுருதி அரைக்கட்டை வேறுபடுகிறது. கிட்டப்பாவின் குரல் எவ்வளவு உயரம் என்று வாதிடுவோர், எந்திரத்தின் வேகத்தை முதலில் பார்க்கட்டும். கரகரப்பைப் பொருட்படுத்தாமல் கேட்க நாம் பழகிக்கொண்டோம். நாள் முழுதும் கோப்புகளில் மங்கிய கையெழுத்தைப் படிக்கும் தொழிலுடையார்க்கு இது பெரிய பயிற்சியன்று! தட்டுகளைப் பெட்டியில் பூட்டி, பெயரை மட்டும் சொல்லிப் பெருமைகொள்ளும் சேகரிப்பாளரைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. அது வேறு கட்டுரைக்கு உரியது.

நாம் வாங்கிய தட்டிலும் இருந்தது அந்த விருத்தமே. உடைந்த ஓரத்தைத் தாண்டி ஊசியை மெல்ல வைத்தால், வரியின் நடுவிலிருந்து பாட்டு தொடங்குகிறது. வள்ளலாரின் நூல் கையிலிருப்பதால் போன சொற்கள் எவையென்று நமக்குத் தெரியும். பத்து வயதான நம் மகளுக்குத் தெரியாது. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படிக்கும் அவள், ஒருநாள் அருகில் வந்து அமர்ந்து, "அப்பா, இவர் ஏன் பாதியிலேர்ந்து பாடறார்?" என்று கேட்டாள். நூலை எடுத்து முதற்சொற்களைப் படித்துக் காட்டினோம். அவள் அவற்றைத் தட்டுத்தடுமாறிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஊசியை மறுபடி வைக்கச் சொன்னாள். உடைந்த இடம் வரையிலும் தானே சொல்லிவிட்டு, அதன்பின் அவரைப் பாட விட்டாள்.