ஈரக் காற்றில் ஈட்டி மரம்: மார்ட்டின் டி-28 கித்தார்

புக்கிட் பெருந்துங், பத்தாங் காலி, பெஸ்தாரி ஜெயா போன்ற வடசிலாங்கூர் ஊர்களில் இளமை முதல் கித்தார் வாசித்துவரும் ஒருவர், பிள்ளைகளின் படிப்பும் வீட்டுக் கடனும் முடிந்த பிறகு தமக்கென ஒரு கருவி வாங்கத் துணிந்தால், அவர் மனம் நாடும் பெயர்களுள் மார்ட்டின் டி-28 ஒன்று. 2025 பிப்ரவரியில் மலேசியாவில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்ச மாதச் சம்பளத்தில் அரையாண்டுத் தொகையைக் கொடுத்தாலும் புதியதொன்று கைக்கு வராது. ஆகையால், இதன் ஓசையை மட்டும் கேட்டு முடிவெடுப்பது போதாது. செம்பனைக்காட்டு ஈரக் காற்றில் இது எத்தனை ஆண்டு உருக்குலையாமல் இருக்கும் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

1833இல் நியூயார்க்கில் தொடங்கிப் பின்னர் பென்சில்வேனியாவின் நாசரேத் நகருக்குப் பெயர்ந்த மார்ட்டின் நிறுவனம், 1916இல் ஆலிவர் டிட்சன் என்ற பாஸ்டன் வணிக நிறுவனத்துக்காக அகன்ற உடலுள்ள ஒரு கித்தாரை வடிவமைத்து, அதற்கு ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரைக்கொண்டு டிரெட்நாட் எனப் பெயரிட்டது. 1931 முதல் மார்ட்டின் பெயரிலேயே வெளிவரும் டி-28 அவ்வடிவத்தைச் சேர்ந்தது. இதன் மேற்பலகை சிட்கா ஸ்புரூஸ் எனும் வட அமெரிக்க ஊசியிலை மரம். முதுகும் பக்கங்களும் ஈட்டி, தோதகத்தி என்று தமிழில் வழங்கும் இந்திய ரோஸ்வுட்.

பிரேசில் ரோஸ்வுட் அரிதானதால் 1969இல் மார்ட்டின் இந்த மரத்துக்கு மாறியது. நீலகிரியிலும் வயநாட்டிலும் வளரும் மரம் அமெரிக்கப் பட்டறைக்குப் போய், அங்கு உருமாறி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இப்பாலிருந்து ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த குடும்பங்களின் பேரர் கைக்கு வருவது, வரலாறு தானாக வரைந்த ஒரு வட்டம். 2017 ஜனவரியில் ஈட்டி உட்பட அந்த மரப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது கித்தாரை எல்லை கடந்து விற்பதே காகித வேலையாயிற்று. முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது.

வாசிப்பில் இதன் வலிமை தாழ்ந்த தந்திகளில் தெரிகிறது. மேற்பலகையின் அடியில் பெருக்கல் குறி வடிவில் ஒட்டிய தாங்குகட்டைகள், மார்ட்டின் 2017இல் செய்த வடிவமைப்பு மாற்றத்துக்குப் பின் ஓசைத்துளைக்கு அருகே நகர்த்தப்பட்டிருப்பதால், பலகையின் கீழ்ப்பகுதி தடையின்றி அதிர்ந்து ஆழ்ந்த நாதம் எழுப்புகிறது. தேவாலயப் பாடற்குழுவுக்கோ வீட்டுப் பஜனைக்கோ துணைவாசிப்பாக இதைவிட நிறைவான ஒலி எளிதில் கிடைக்காது. ஆனால், ‘இளைய நிலா’ பாட்டில் கித்தார்க் கலைஞர் சந்திரசேகர் வாசித்ததுபோல் தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டும் வாசிப்பை ஒரு தாமான் வரிசைவீட்டின் சிறிய அறையில் முயன்றால், தாழ்ந்த சுரங்கள் பெருகி மேற்சுரங்களின் மேல் படிந்துவிடுகின்றன. கமகத்துக்கும் இது இசைவானதன்று: இதில் பூட்டப்படும் நடுத்தரத் தந்திகளில் மிக மெல்லியதே 0.33 மில்லிமீட்டர் தடிமன் என்பதால், மெட்டின்மேல் தந்தியை இழுத்து அசைக்க விரல் வலிமை நிறைய வேண்டும். கர்நாடக இசையைக் கித்தாரில் வாசிக்கும் பிரசன்னா மின்கித்தாரையே கைக்கொண்டிருப்பது வியப்பில்லை.

பெரிய சிக்கல் ஈரம். இத்தகைய கித்தார்களுக்கு 45 முதல் 55 விழுக்காட்டுக் காற்று ஈரப்பதம் பரிந்துரைக்கப்படுகிறது. சிலாங்கூரின் சராசரி 80 விழுக்காட்டை ஒட்டியது. மரம் ஈரத்தை உறிஞ்சும்போது நாரின் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாமல், குறுக்குவாக்கில் மட்டும் விரிகிறது. அந்த விரிவை அடியிலுள்ள கட்டைகள் தடுப்பதால் பலகை மேல்நோக்கிப் புடைத்து, வீணைக்காரர் குதிரை என்று சொல்லும் தந்திதாங்கியையும் உயர்த்திவிடுகிறது. தந்தி மெட்டிலிருந்து எழும்பிவிட, வாசிப்பவரின் விரல் நோகும்; ஓசை மந்தமாகும். பலரும் கழுத்துக்குள் ஓடும் முறுக்குக் கம்பியைத் திருகியே இதைச் சரிசெய்ய முயல்வது தவறு. அக்கம்பி கழுத்தின் வளைவை மட்டுமே சீராக்கும். இங்கு குறைக்க வேண்டியது குதிரைமேல் பதித்த எலும்புப் பட்டையின் உயரம்.

ஆண்டு முழுதும் ஒரே ஈரம் என்றால் மரம் அதற்குப் பழகிக்கொள்ளும். இரவில் மட்டும் குளிர்சாதனம் ஓடும் படுக்கையறையோ, பனிக்காலமே இல்லாத ஊரில் ஒவ்வோர் இரவும் காற்றை உலர்த்தி ஒரு பனிக்காலத்தை உண்டாக்குகிறது. சுவரில் மாட்டி அழகுபார்ப்பதைவிட, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளும் ஈரமானியும் வைத்த மூடிய பெட்டிக்குள் வைப்பதே மேல். திருவிழா ஊர்வலத்துக்கும் திறந்தவெளி மேடைக்கும், பிசினில் ஊறிய தாளை அழுத்திச் செய்த உடலுள்ள மார்ட்டின் எக்ஸ் வரிசைக் கித்தார் போதும். ஒலியில் அது பல படி கீழானதாயினும் ஈரக் காற்றுக்கு அவ்வளவாக அஞ்சாது.

இந்நாட்டிலேயே பல ஆண்டு வாசிக்கப்பட்ட பழைய டி-28 கிடைத்தால், மரம் ஏற்கெனவே இந்தக் காற்றைச் சந்தித்துவிட்டதால், புதியதைவிட அதையே முதலில் சோதித்துப் பார்க்கலாம். பலகையின் புடைப்பைக் குறுக்கே ஓர் அடிக்கோல் வைத்து அறியலாம். இலேசான புடைப்பு இயல்பு. குதிரையின் பின்விளிம்புக்கு அடியில் மெல்லிய தாள் நுழைந்தால், பசை விட்டுக்கொடுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். பழுதுபார்க்கும் செலவைக் கழித்துத்தான் விலையைப் பேச வேண்டும்.