சொல்லின் வேரும் சொல் வந்த வழியும்

திருகோணமலையில் எந்த விழா மலரைப் புரட்டினாலும் ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்லும் கட்டுரை ஒன்று இருக்கும். மூன்று கோணம் கொண்ட மலை என்பது அதில் தவறாமல் வரும். எழுதியவர் சற்றுப் படித்தவரானால் கிரேக்கரின் ‘திரிகோனோன்’ என்ற சொல்லையும் பக்கத்தில் வைத்திருப்பார். ஒலியும் பொருளும் பொருந்துகின்றன, இனி என்ன வேண்டும் என்று கட்டுரையும் முடிந்துவிடும். சொல்வேர் ஆய்வு தொடங்குவதே அந்த இடத்தில்தான்.

பழைய வடிவம் எது என்பதை முதலில் பார்க்கவேண்டும். சம்பந்தர் தேவாரத்தில் ஊர் கோணமாமலை. முன்னால் நிற்கும் ‘திரு’ மரியாதைக்கு வந்தது. அதைத் ‘திரி’ ஆக்கியது பின்வந்தோரின் ஆசை. சரி, ‘கோணம்’ என்ற பகுதியாவது கிரேக்கத்தின் ‘கோனியா’வுக்கு உறவா? அந்தச் சொல்லை முழங்காலைக் குறிக்கும் ‘கோனு’வோடு சேர்த்து வைப்பார்கள். முழங்காலுக்குச் சமஸ்கிருதம் ‘ஜானு’; ஆஜானுபாகு என்று நாமும் சொல்கிறோமே, அந்த ஜானு. கிரேக்கர் ‘கெனோஸ்’ என்றதற்கு இணை ‘ஜன’. அங்கே ககரம் ஒலிக்கும் இத்தகைய சொற்களில் இங்கே ஜகரம் ஒலிக்கிறது. ஆகவே கோணமும் கோனியாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளானால் நமது சொல் ஜகரத்தில் தொடங்கியிருக்கவேண்டும். அப்படித் தொடங்கவில்லை. ‘ஹோரா’, ‘கேந்திரம்’ ஆகியவற்றைப் போல வானநூலாரோடு கிரேக்கத்திலிருந்து வந்த கடன் என்பார் ஒரு சாரார். திராவிட வேர் என்பார் மற்றொரு சாரார். கோணு, கோணல், கோட்டம் என்று வீடு நிறையச் சுற்றம் இருக்கும்போது கடன் கதையை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இந்த முறை ஒரே நாளில் வந்ததல்ல. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் கோர்டூ சமஸ்கிருதத்தை இலத்தீன், கிரேக்கத்தோடு ஒப்பிட்டு 1767இல் பாரிசுக்கு எழுதினார். கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரை 1786இல். புகழ் பின்னவருக்கே போனது. 1816இல் ஜெர்மானியரான பொப் வினைச்சொற்களை வரிசையாக நிறுத்தி அந்த உறவை நிறுவினார். அதே ஆண்டில் சென்னையில் எல்லிஸ், தமிழும் தெலுங்கும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல, தமக்கென ஒரு குடும்பம் உடையவை என்று காட்டினார். 1870களில் லைப்சிக் நகரத்து இளைஞர்கள் ஒலி விதிக்கு விலக்கே இல்லை என்று சட்டம் போட்டார்கள். கொஞ்சம் முரட்டுச் சட்டம்தான். ஆனால் அது வந்த பிறகே கண்டபடி சொற்களை முடிச்சுப்போடும் பழக்கம் ஒடுங்கியது.

நமது மீன் சந்தையில் அந்தச் சட்டத்தைச் சோதித்துப் பார்க்கலாம். சிங்கள வியாபாரி ‘அட’ என்பார். நாம் ‘எட்டு’ என்போம். ஜெர்மானியர் ‘ஆக்ட்’, இலத்தீன்காரர் ‘ஒக்டோ’, சமஸ்கிருதம் ‘அஷ்ட’. எல்லாம் ஒன்றுதான் என்று கை துறுதுறுக்கும். ஆனால் எண்பது, எண்ணூறு, எண்திசை என்பவற்றைப் பாருங்கள்: நமது சொல்லின் அடி ‘எண்’, கன்னடத்தில் ‘எண்டு’, தெலுங்கில் ‘எனிமிதி’. அஷ்டவில் அந்த மூக்கொலிக்கு இடமே இல்லை. பக்கத்து எண்ணோ வேறு கதை. ஏழுக்குச் சிங்களம் ‘ஹத’, கிரேக்கம் ‘ஹெப்தா’. இரண்டிலும் பழைய சகரம் ஹகரமாகியிருக்கிறது. சப்த, செப்தம் என்ற சமஸ்கிருத, இலத்தீன் வடிவங்கள் அதற்குச் சாட்சி. உறவு உண்மை, ஆனால் அந்த ஒலிமாற்றம் இரு மொழியிலும் தனித்தனியே நடந்தது.

1938ஆம் ஆண்டை இலங்கையர் நினைவில் வைத்திருக்கவேண்டும். அந்த ஆண்டில்தான் வில்ஹெல்ம் கெய்கரின் சிங்கள இலக்கணம் கொழும்பில் வெளிவந்தது; அவருடைய சொற்பிறப்பு அகராதி 1941இல் வந்தது. அதே 1938இல் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் தமது சொற்பிறப்பு ஒப்பியல் தமிழகராதியின் முதற்பகுதியை யாழ்ப்பாணத்திலிருந்து வெளியிட்டார். தமிழ் அடிகளுக்கும் இந்து-ஐரோப்பியச் சொற்களுக்கும் உறவு உண்டென்பது சுவாமியின் துணிபு. அவருடைய உழைப்பின் முன் நாம் எல்லோரும் சிறியவர்கள். ஆனாலும் கெய்கர் ஒலி மாறிய படிகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்; சுவாமி பல இடங்களில் பொருள் நெருக்கத்தைக் கொண்டே கிணற்றைத் தாண்டிவிடுகிறார். பின்னால் வந்த தேவநேயப் பாவாணர் தமிழையே மூலமாக்கினார். தமிழுக்குள் வேர்க்குடும்பங்களைத் திரட்டுவதில் அவருக்கு நிகர் குறைவு. தமிழுக்கு வெளியே போகும்போதுதான் அவரை விட்டு நிற்கவேண்டியிருக்கிறது. பரோவும் எமனோவும் 1961இல் தொகுத்து 1984இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பு அகராதி உணர்ச்சியற்றது. அதுவே அதன் பலம்.

தமிழுக்குள் இந்து-ஐரோப்பிய வேர் இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. நிறைய இருக்கிறது, கடலேறி வந்தவையாக. கதிரை போர்த்துக்கேயரின் ‘கதெய்ரா’. அது இலத்தீன் ‘கதெத்ரா’, அதற்கு முன் கிரேக்க ‘கதெத்ரா’: கீழே என்ற முன்னொட்டும் இருக்கை என்ற ‘ஹெத்ரா’வும். ஹகரத்தைச் சகரமாகத் திருப்பினால் உட்காருவதைக் குறிக்கும் ‘ஸெத்’ என்ற தொல்வேர் வரும். உபநிடதத்தில் இருப்பதும் அதே. ‘இந்தகன்ன’ என்று சிங்களவர் உட்காரச் சொல்வதும் அதன் வழியே. ஒரு வேர் சிங்களத்துக்குத் தாய்வழியில் வந்தது. தமிழுக்கு லிஸ்பன் வழியாகக் கப்பலில் வந்து இறங்கியது. பாணும் அப்படியே. போர்த்துக்கேயரின் ‘பாவுங்’, இலத்தீன் ‘பானிஸ்’, காத்து ஊட்டுவதைக் குறிக்கும் வேர்; கோபாலனில் உள்ள ‘பாலன்’ அதற்குத் தூரத்து உறவு.

பாலையூற்றுப் பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோல் பேச்சு இன்னும் இருக்கிறது. இந்தச் சொற்களைத் தேடும் இளைஞர்கள் லிஸ்பன் அகராதியைத் திறக்குமுன் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவது நல்லது. கூடவே சப்பாத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அது போர்த்துக்கேயரின் ‘சப்பாத்து’ என்பதில் ஐயமில்லை. அவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் நல்ல அகராதிகள் ‘மூலம் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகின்றன.